விமானம் குறைந்தால் வரிசையும் போச்சு! - சிறிய விமான நிறுவனங்களின் பைலட்டுகள் படும் பாடு

2012-ம் ஆண்டு செப்டம்பர் 29. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'கோமேர்' விமான நிறுவனம் அன்றோடு பறப்பதை நிறுத்திக்கொண்டது. 35 வருடங்கள் ஓடிய நிறுவனம் அது. மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததே ஜூலை மாதக் கடைசியில்தான். சுமார் 1,700 ஊழியர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மாதம்.

அதில் பறந்த பயணிகளில் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருந்ததே தெரியாது. அவர்கள் டிக்கெட் வாங்கியது 'டெல்டா' நிறுவனத்திடம். விமானத்தில் பெரிதாக எழுதியிருந்ததும் டெல்டாவின் பெயர்தான். காக்பிட்டில் உட்கார்ந்து ஓட்டியவர்கள் மட்டும் கோமேரின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். டெல்டாவின் மொத்தச் சேவையில் கோமேரின் பங்கு அப்போது 1 சதவிகிதம் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதனால் டெல்டாவுக்கு அது பெரிய இழப்பாக இல்லை. கோமேர் பைலட்டுகளுக்கோ பல வருட உழைப்பில் கட்டிய வாழ்க்கை ஒரே நாளில் முதல் படிக்கு வந்துவிட்டது.

பைலட் என்றதும் நம் மனதில் வருவது மிடுக்கான யூனிஃபார்ம், கைநிறைய சம்பளம், ஊர் ஊராகப் பயணம். சிறிய ஊர்களை இணைக்கும் பிராந்திய விமான நிறுவனங்களின் பைலட்டுகளுக்கு இந்த மிடுக்குக்குப் பின்னால் எப்போதும் ஒரு பயம் உண்டு. 'நம்ம கம்பெனியில் விமானங்களைக் குறைக்கப்போறாங்களாமே' என்ற பேச்சு கிளம்பினால் போதும், தூக்கம் போய்விடும். ஏன் அப்படி? கோமேரின் கதை அதற்கு நல்ல விளக்கம்.

வானத்தில் ஓடும் மினி பஸ்

கிராமத்திலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டு வரை மினி பஸ். அங்கிருந்து சென்னைக்குப் பெரிய பஸ். அமெரிக்க விமானப் போக்குவரத்தும் கிட்டத்தட்ட இப்படித்தான். சின்ன ஊர்களிலிருந்து பயணிகளை அட்லாண்டா, சிகாகோ மாதிரியான பெரிய விமான நிலையங்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பிராந்திய நிறுவனங்களின் வேலை. அங்கிருந்து பெரிய நிறுவனத்தின் பெரிய விமானம் அழைத்துச் செல்லும்.

இந்த மினி பஸ் தன் சொந்தப் பெயரில் ஓடுவதில்லை என்பதுதான் வித்தியாசம். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் பறப்பது என்பதையெல்லாம் பெரிய நிறுவனமே முடிவு செய்யும். டிக்கெட் பணமும் அதற்குத்தான். எரிபொருள் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்றுக்கொள்ளும். சிறிய நிறுவனம் பைலட்டையும் பணியாளர்களையும் கொடுத்து, விமானத்தைப் பராமரித்து ஓட்ட வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

நல்ல காலத்தில் இது பாதுகாப்பான தொழில். விமானத்தில் பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் சிறிய நிறுவனத்துக்குக் கூலி கிடைத்துவிடும். ஆனால், ஒப்பந்தம் முடியும்போது பெரிய நிறுவனம் 'இனி வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், அந்த விமானங்களுக்கு வேறு வேலை கிடையாது. அவற்றை ஓட்டியவர்களுக்கும்தான்.

முதல் ஜெட் வாங்கிய பெருமை

கோமேர் 1977-ல் பைப்பர் நவாஹோ என்ற குட்டி விமானங்களோடு தொடங்கப்பட்டது. ஓர் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். 1984-ல் டெல்டாவின் பெயரில் பறக்க ஆரம்பித்தது. 1993-ல் கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் தயாரித்த 50 சீட் ஜெட் விமானத்தை வட அமெரிக்காவிலேயே முதலில் ஓட்டியது கோமேர்தான்.

அதுவரை சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் இறக்கைச் சத்தம் காதைப் பிளக்கும் புரொப்பெல்லர் விமானங்களே போய்க்கொண்டிருந்தன. ஜெட் வந்ததும் பயணிகள் கொண்டாடினார்கள். இன்னும் தொலைவான ஊர்களையும் இணைக்க முடிந்தது. லாபம் கொட்டியது. 1999-ல் டெல்டா சுமார் 180 கோடி டாலர் கொடுத்து கோமேரை முழுமையாகத் தனதாக்கிக்கொள்ள முடிவு செய்தது.

கோமேர் பைலட்டுகள் அப்போது ஒரு கோரிக்கை வைத்தார்கள். 'இப்போது நாமெல்லாம் ஒரே முதலாளியின் ஆட்கள்தானே, டெல்டா பைலட்டுகளின் சீனியாரிட்டி பட்டியலோடு எங்கள் பட்டியலையும் சேர்த்துவிடுங்கள்' என்பதே அது. இரு தரப்புக்கும் ஒரே தொழிற்சங்கம்தான். ஆனாலும், அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பட்டியல்கள் தனித்தனியாகவே இருந்தன. அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியாத இந்த முடிவுதான் 12 வருடங்கள் கழித்து அவர்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

2001-ல் சம்பளம், ஓய்வு நேரம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்காக கோமேர் பைலட்டுகள் 89 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் வரை நீடித்தது. அப்போது அவர்கள் சுமார் 1,350 பேர். கடைசியில் நல்ல ஒப்பந்தமே கிடைத்தது. ஆனால், அடுத்த சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மொத்த விமானத் துறையும் ஆட்டம் கண்டது. 2005-ல் டெல்டாவும் கோமேரும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. போராடி வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியை பைலட்டுகள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஐம்பது சீட்டின் கணக்கு

பயணிகள் கொண்டாடிய அதே 50 சீட் ஜெட்தான் பிறகு பாரமாக மாறியது. கணக்கு எளிமையானது. 50 சீட் விமானத்துக்கும் இரண்டு பைலட் வேண்டும், 76 சீட் விமானத்துக்கும் அதே இரண்டு பைலட்தான். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், பராமரிப்பு எல்லாவற்றையும் 50 டிக்கெட்டில் பங்கு போடுவதைவிட 76 டிக்கெட்டில் பங்கு போட்டால் ஒரு சீட்டுக்கான செலவு குறையும்.

கச்சா எண்ணெய் மலிவாக இருந்தவரை இது உறுத்தவில்லை. 2008 ஜூலையில் ஒரு பேரல் 147 டாலர் வரை போனபோது உறுத்தியது. 1990-களில் வாங்கிய ஜெட் விமானங்களுக்கு வயதாகி, பெரிய செலவு வைக்கும் இன்ஜின் பராமரிப்புக்கான நேரமும் வந்துகொண்டிருந்தது.

2010 செப்டம்பரில் டெல்டா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோமேரிடம் இருந்த 97 விமானங்கள், 2012 முடிவதற்குள் 44 ஆகக் குறைக்கப்படும். அதாவது, பாதிக்கும் மேல் காலி. 2012-ல் டெல்டா தன் சொந்த பைலட்டுகளோடு புது ஒப்பந்தம் போட்டது. அதன் தொடர்ச்சியாக, தன் பெயரில் பறக்கும் சுமார் 350 ஐம்பது சீட் ஜெட்களை 125 அல்லது அதற்கும் கீழே குறைப்பதாகத் திட்டம். அதற்குப் பதிலாக 76 சீட் விமானங்களும், டெல்டா பைலட்டுகளே ஓட்டும் போயிங் 717 விமானங்கள் 88-ம் வரும். 44 விமானங்களோடு மிஞ்சுவோம் என்று நம்பியிருந்த கோமேருக்கு, இந்தப் புதிய கணக்கில் இடமே இல்லாமல் போனது.

இதில் டெல்டா பைலட்டுகளைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய நிறுவனங்களின் பைலட் ஒப்பந்தத்தில் 'ஸ்கோப்' என்றொரு பிரிவு உண்டு. சிறிய நிறுவனங்கள் எத்தனை விமானங்களை, எத்தனை சீட் வரை ஓட்டலாம் என்று அது வரம்பு கட்டும். தங்கள் வேலை குறைந்த சம்பளக்காரர்களின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான வேலி அது. அந்த வேலி எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் உதாரணம்: சுமார் 70 பேர் உட்காரக்கூடிய சி.ஆர்.ஜே. 700 ரக விமானத்தில், வெறும் 50 சீட் போட்டு 'சி.ஆர்.ஜே. 550' என்ற பெயரில் 2019-ல் யுனைடெட் பறக்கவிட்டது. 70 சீட் விமானங்களுக்கான வரம்பு தாண்டிவிடக் கூடாதே என்பதற்காக!

கூடவே வராத சீனியாரிட்டி

'ஒரு கம்பெனி மூடினால் இன்னொன்றில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே, அனுபவம் இருக்கிறதே' என்று தோன்றலாம். 20 வருட அனுபவமுள்ள டாக்டர் ஆஸ்பத்திரி மாறினால், அனுபவத்துக்கேற்ற பதவியும் சம்பளமும் கிடைக்கும். இன்ஜினீயருக்கும் அப்படித்தான். அமெரிக்க விமானத் துறையில் நிலைமை வேறு.

அங்கே ஒரு பைலட் வேலையில் சேரும் நாளில் அவருக்கு ஒரு சீனியாரிட்டி எண் கிடைக்கிறது. அவர் எந்த விமானம் ஓட்டுவார், எப்போது கேப்டன் ஆவார், எந்த ஊரிலிருந்து வேலை செய்வார், கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா, பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் இருப்பாரா என எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்கிறது. ஆள் குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என்பதையும் அதுவே சொல்லும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார்.

இந்த எண் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறும்போது கூடவே வராது. 12 வருடங்கள் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால், நேற்று சேர்ந்த இளைஞருக்கு அடுத்த எண்தான் அவருக்கு. மறுபடியும் கோ-பைலட், மறுபடியும் முதல் வருடச் சம்பளம். அவர் பறந்த ஆயிரக்கணக்கான மணி நேரம் லாக் புக்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் வரிசையில் அதற்கு மதிப்பில்லை. 2000-ல் பட்டியல்கள் சேர்ந்திருந்தால் கோமேர் பைலட்டுகளுக்கு டெல்டாவில் ஓர் இடம் இருந்திருக்கும். சேராததால் 2012-ல் வேலை தேடும் மற்றவர்களோடு மற்றவர்களாக நின்றார்கள்.

வரிசை நகராமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007 டிசம்பரில் அமெரிக்க பைலட்டுகளின் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆக உயர்ந்தது. மூத்தவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால், பெரிய நிறுவனங்களில் காலியாக வேண்டிய இடங்கள் ஐந்து வருடங்களுக்கு அடைபட்டன. அடுத்த வருடமே பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. சிறிய நிறுவனத்தில் இரண்டு, மூன்று வருடம் இருந்துவிட்டு மேலே போய்விடலாம் என்று வந்தவர்கள் அங்கேயே தேங்கி நின்றார்கள்.

வீட்டுக்குள் வரும் நெருக்கடி

விமானங்கள் குறைந்தால் நேரடியாக வேலை போவது மட்டுமே பிரச்னை அல்ல. கேப்டன்கள் பதவி இறக்கப்பட்டு கோ-பைலட் சீட்டுக்கு மாற்றப்படுவார்கள். சம்பளத்தில் பெரிய துண்டு விழும். ஓர் ஊரிலிருந்த தளம் மூடப்பட்டால், வேலை செய்ய வேறு ஊருக்குப் போக வேண்டும்.

வீடு வாங்கியாயிற்று, பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், மனைவிக்கோ கணவருக்கோ உள்ளூரில் வேலை. அடுத்த வருடம் எந்தத் தளம் மூடும் என்றே தெரியாதபோது குடும்பத்தை எங்கே மாற்றுவது? அதனால் பலர் குடும்பத்தை விட்டுவிட்டு, வேலைக்குப் போவதற்கே விமானம் ஏறுவார்கள். காலியாக இருக்கும் சீட்டில் இலவசமாகப் போகலாம். சீட் இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் பல பைலட்டுகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் ஒரு கட்டில். நம்மூர் பேச்சுலர் மேன்ஷன் மாதிரிதான்.

சம்பளக் கணக்கும் வேறு. பெரும்பாலும் விமானத்தின் கதவு மூடிக் கிளம்புவதிலிருந்து போய் நிற்கும் வரையிலான நேரத்துக்குத்தான் கூலி. நடுவில் விமான நிலையத்தில் காத்திருக்கும் நான்கு மணி நேரத்துக்குக் கிடைப்பது சொற்பம். 2000-களில் அமெரிக்காவின் சிறிய நிறுவனங்களில் புதிதாகச் சேரும் கோ-பைலட்டின் வருடச் சம்பளம் 20,000 டாலரை ஒட்டியே இருந்தது. பயிற்சிக்கு வாங்கிய கடனோ அதைவிடப் பல மடங்கு.

2009 ஜனவரியில் 155 பேரோடு ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி, அத்தனை பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கரை உலகமே பாராட்டியது. அவர் பெரிய நிறுவனத்தின் பைலட். அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசியபோது, தன் சம்பளம் 40 சதவிகிதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் கைவிட்டுப்போனதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு பைலட்டைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். ஹீரோவின் நிலைமையே அப்படியென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

விரட்டியவர்களைத் தேடிய காலம்

ஆற்றில் இறங்கிய அந்தச் சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற சிறிய நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை சொன்னது. கோ-பைலட் வேலையில் சேர்வதற்காக முந்தைய இரவு முழுக்க நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வந்திருந்தார் என்பதும் வெளியே வந்தது. சிறிய நிறுவன பைலட்டுகளின் சம்பளம், தூக்கம், பயிற்சி எல்லாம் அப்போதுதான் பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது.

அதன் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் கோ-பைலட் ஆவதற்கே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவைப்பட்டது. முன்பு 250 மணி நேரத்திலேயே அந்த சீட்டில் உட்கார முடிந்தது.

2020-ல் கொரோனா வந்தது. டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு பிராந்திய நிறுவனங்கள் ஏப்ரலிலேயே மூடப்பட்டன. யுனைடெட்டின் ஒப்பந்தத்தை இழந்த எக்ஸ்பிரஸ்ஜெட், செப்டம்பர் 30-ம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்தியது. பெரிய நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான மூத்த பைலட்டுகளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பின.

ஒன்றரை வருடத்தில் பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள். பைலட்டுகள் இல்லை! பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொள்ள, சிறிய நிறுவனங்களில் கேப்டன்களுக்குப் பஞ்சம். 2022-ல் சுமார் 100 சிறிய விமானங்கள் ஓட்ட ஆளில்லாமல் நிற்பதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ராபர்ட் ஐசம் சொன்னார். அரசு மானியத்தில் இயங்கிய 29 சிற்றூர்களின் சேவையிலிருந்து விலகுவதாக ஸ்கைவெஸ்ட் நிறுவனம் அந்த வருடம் மார்ச்சில் அறிவித்தது. முன்பு விமானம் குறைந்ததால் பைலட்டுகளுக்கு வேலை போனது. இப்போது பைலட் குறைந்ததால் ஊர்களுக்கு விமானம் போனது.

அதே வருடம் ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புது கோ-பைலட்டின் சம்பளத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், அந்த உயர்வில் ஒரு பகுதி தற்காலிகம் என்றே முதலில் சொல்லப்பட்டது. அனுபவம் வாய்ந்த ஒரு கேப்டன் உருவாகப் பல வருடங்கள் ஆகும். அவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் 2022-ல் பயணிகளும் சிற்றூர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள்.

சென்னை பார்த்த பாரமவுண்ட்

இது நமக்கும் புதிய கதை இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் பலருக்கு நினைவிருக்கலாம். மதுரை, கோவை, கொச்சி என்று தென்னிந்திய நகரங்களை இணைத்த நிறுவனம். பிரேசிலில் தயாரான எம்ப்ரேயர் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு தகராறு முற்றி, 2010-ல் சேவை நின்றுபோனது.

எம்ப்ரேயர் ஓட்டியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் பைலட் தனியாகப் பயிற்சி எடுத்துத் தகுதி பெற வேண்டும். அப்போது இந்தியாவின் பெரிய நிறுவனங்களிடம் இருந்தவை ஏர்பஸ், போயிங், ஏ.டி.ஆர். ரகங்கள். எம்ப்ரேயர் தகுதியை வைத்துக்கொண்டு அங்கே நேராகப் போய் உட்கார முடியாது. மறுபடியும் பயிற்சி, அதற்கு மறுபடியும் செலவு.

பிள்ளைக்கு பைலட் ஆசை இருக்கிறதா?

இதையெல்லாம் படித்துவிட்டு, வானத்தைப் பார்த்து ஏங்கும் பிள்ளையின் ஆசையைக் கிள்ளி எறிய வேண்டியதில்லை. நல்ல காலத்தில் இது அருமையான தொழில்தான். ஆனால் நிலத்தையோ நகையையோ அடகு வைத்துப் படிக்கவைக்கும் முன்பும், முதல் வேலையில் கையெழுத்துப் போடும் முன்பும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

* சேரப்போகும் நிறுவனம் ஒரே ஒரு பெரிய நிறுவனத்தையோ, ஒரே வகை விமானத்தையோ நம்பியிருக்கிறதா? அமெரிக்காவில் ஸ்கைவெஸ்ட் தாக்குப்பிடித்ததற்கு டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், அலாஸ்கா என நான்கு நிறுவனங்களுக்குப் பறப்பது ஒரு முக்கியக் காரணம்.

* விமானங்களுக்கு எத்தனை வயது? அவை சொந்தமா, குத்தகையா? குத்தகையோ ஒப்பந்தமோ எந்த வருடம் முடிகிறது?

* பயிற்சி எடுக்கும் விமான ரகத்தை வேறு எத்தனை நிறுவனங்கள் ஓட்டுகின்றன?

* சேரும்போது போடும் பாண்டு எத்தனை வருடத்துக்கு? நிறுவனமே மூடிவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும்?

* ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் கடன் தவணையைக் கட்ட முடியுமா?

கடைசிக் கேள்விக்கான பதிலைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கோமேரில் விமானங்கள் பாதியாகக் குறையும் என்ற அறிவிப்புக்கும் நிறுவனம் மூடப்பட்டதற்கும் இடையே இருந்தது இரண்டே வருடம். முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது கொஞ்சம் மூச்சுவிடும் நேரம்.